பத்துக்குக் கீழே

வாரியத்தில் அவளுக்குக் காம்பஸ் அக்கா என்று பெயர். அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருடமாக இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், இரண்டு கூர்முனை கொண்ட காம்பஸை வைத்துக்கொண்டு மற்றவர்களின் இதயத்தை அளந்துகொண்டிருந்தாள்.

இதயத்தை என்றால், இதயம் வரைந்த கோட்டை. ஈசிஜி காகிதத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் முதலில் ஊசி மாதிரி ஒரு குத்து விழும். கொஞ்சம் தள்ளி மழுங்கலாக ஒரு மேடு. குத்து தொடங்கும் இடத்திலிருந்து மேடு இறங்கி முடியும் இடம்வரை எத்தனை மில்லி செகண்ட் என்று அளந்து எழுதுவது அவள் வேலை. சில மாத்திரைகள் இந்த இடைவெளியை ஜவ்வு மாதிரி இழுத்துவிடும். ரொம்ப இழுத்தால் இதயம் தாளம் தப்பிப் படபடக்கும். சில சமயம் அப்படியே நின்றும்விடும். அதனால்தான் எந்தப் புது மாத்திரையும் கடைக்குப் போகும் முன் வாரியத்தின் படியேறி வர வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

வாரியத்துக்குத் தெரிந்த ஒரே எண் பத்து. மாத்திரை சாப்பிட்டவர்களின் இடைவெளி சராசரியாக எவ்வளவு நீண்டது என்று முதலில் பார்ப்பார்கள். கணக்கில் பிசகு இருந்தாலும் அதிகபட்சம் இவ்வளவுதான் என்று அதற்கு மேலே ஓர் எல்லை போடுவார்கள். அந்த மேல் எல்லை பத்து மில்லி செகண்டுக்குக் கீழே நின்றால் மாத்திரை நல்லது; தாண்டினால் கெட்டது. வரவேற்பறைச் சுவரில் 'பத்துக்குக் கீழே பயமில்லை' என்று பித்தளை எழுத்தில் பதித்து, வாராவாரம் துடைத்தும் வைத்தார்கள்.

அந்த வருடம் வந்தது ஓர் அரிப்பு மாத்திரை. நாற்பத்தெட்டுத் தன்னார்வலர்களை மூன்றாம் மாடி வார்டில் தங்கவைத்தார்கள். சில நாள் வெறும் மாவு மாத்திரை, சில நாள் அரிப்பு மாத்திரை. நடுவில் ஒரே ஒரு நாள், இடைவெளியை நீட்டும் என்று ஊருக்கே தெரிந்த பழைய மாத்திரை ஒன்று. நீட்டலைக் கண்டுபிடிக்க வாரியத்துக்குக் கண் இருக்கிறதா என்று வாரியமே சோதித்துக்கொள்ளத்தான் அந்தப் பழையது. கண் இருந்தது. அதற்கொரு சான்றிதழ் அடித்து, கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

பதினேழாம் எண்ணின் காகிதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மேசைக்கு வந்தது. காம்பஸின் ஒரு முனையைக் குத்தின் தொடக்கத்தில் வைத்தாள். மறுமுனையை விரித்தாள். மேடு முடியவில்லை. இன்னும் விரித்தாள். அரிப்பு மாத்திரை சாப்பிட்ட மூன்றாம் மணி நேரத்தில் இந்த மனிதரின் இடைவெளி தொண்ணூற்றிரண்டு மில்லி செகண்ட் நீண்டிருந்தது. எழுந்து புள்ளியியல் அதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

அவருக்குச் சராசரி சார் என்று பெயர். சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கும்.

"சார், பதினேழுக்குத் தொண்ணூத்திரண்டு."

"தெரியும்மா. மெஷின் தானா அளந்தது காலையிலேயே வந்துடுச்சு. அதனாலதான் நானும் காலையிலேர்ந்து சாப்பிடல."

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. "ஆபத்துதானே சார்?"

"ஆபத்துதான். சராசரி ஏழு. அழகான ஏழு. இந்த ஆளால மேல் எல்லை பத்துப் புள்ளி நாலுக்குப் போயிடுச்சு." கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாயிண்ட் நாலும்மா! இதை வெச்சுக்கிட்டு நான் எப்படித் தலைவர் முகத்துல முழிக்கிறது?"

"இல்ல சார், அந்த ஆளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

"எந்த ஆளுக்கு?" என்றார் சராசரி சார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அன்று சாயங்காலம் லிஃப்டில் அவளோடு ஒருவர் ஏறினார். வார்டில் தரும் பச்சைச் சட்டை. நகக்கண்ணில் வெள்ளை பெயின்ட். மணிக்கட்டுப் பட்டையில் பதினேழு. அவளுடைய அட்டையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, நீங்கதான் நெஞ்சை அளக்கிறவங்களா? நம்மது எப்படி ஓடுது?"

அளப்பவர் அளவை அளக்கப்பட்டவரிடம் சொல்லக் கூடாது; அதற்கு மறைப்பு விதி என்று பெயர். மீறினால் ஆய்வே கெட்டுவிடும் என்று வருடத்துக்கு இரண்டு முறை எழுதி வாங்குவார்கள். அவள் லிஃப்டின் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லக் கூடாதா? சரி விடுங்க. நான் பெயின்டர். எங்களுக்கும் அப்படித்தான். சுவத்துல விரிசல் எவ்வளவு ஆழம்னு வீட்டுக்காரங்ககிட்ட முதல்லயே சொல்லிட்டா பயந்துடுவாங்க." தரைத்தளத்தில் கதவு திறந்ததும் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

மறுநாள் குழு கூடியது. தலைவர், சராசரி சார், வார்டு டாக்டர். பதினேழாம் எண்ணை விசாரிக்க வேண்டும் என்று தலைவர் சொன்னபோது, அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்கள் என்றுதான் காம்பஸ் அக்கா நினைத்தாள். விசாரணை அவளிடமிருந்தே ஆரம்பித்தது. அதே காகிதத்தை ஏழு உறைகளில் போட்டு, எண்ணை மறைத்து, மற்ற காகிதங்களோடு கலந்து அளக்கக் கொடுத்தார்கள். அளந்தாள். ஐந்து முறை தொண்ணூற்றிரண்டு. ஒரு முறை தொண்ணூற்றொன்று. ஒரு முறை தொண்ணூற்றுமூன்று.

"தொண்ணூத்தொண்ணா, தொண்ணூத்திமூணா?" என்று கேட்டார் தலைவர். "ஒரு முடிவுக்கு வாங்கம்மா. ஒரே இதயம் ரெண்டு மாதிரியா இருக்கும்?"

"எப்படிப் பார்த்தாலும் ஜாஸ்திதானே சார்?"

"ஜாஸ்தியா கம்மியாங்கிறது அப்புறம். மொதல்ல நீங்க நம்பகமானவங்களான்னு பார்க்கணும்."

அடுத்தது சூத்திரம். இதயம் வேகமாகத் துடித்தால் இடைவெளி தானே சுருங்கும் என்பதால் அளவைத் திருத்திக்கொள்ளச் சூத்திரங்கள் உண்டு. முதல் சூத்திரத்தில் பதினேழுக்குத் தொண்ணூற்றிரண்டு வந்தது. இரண்டாவதில் எண்பத்தெட்டு. மூன்றாவதில் தொண்ணூற்றேழு, அதை உடனே கைவிட்டார்கள். நான்காவதைச் சராசரி சார் இரண்டு நாள் உட்கார்ந்து சொந்தமாக எழுதினார். அதில் பதினேழாம் எண் எண்பத்தொன்றுக்கு இறங்கினார். ஆனால் ஆறாம் எண்ணின் இதயம் அவர் கருவாகும் முன்பே துடித்திருந்ததாகக் கணக்கு வந்தது. வருத்தத்தோடு அதையும் விட்டார்கள்.

பிறகு நேரம். திட்டப்படி மூன்றாம் மணிக்கு முன்பின் ஐந்து நிமிடத்துக்குள் காகிதம் எடுத்திருக்க வேண்டும். பதினேழுக்கு ஏழு நிமிடம் தாமதம். நர்ஸ் வேறு படுக்கைக்காரரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். தலைவரின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

"அப்போ இந்த அளவு மூணாம் மணியோடது இல்ல. நாலாம் மணியோடதும் இல்ல. எந்த நேரத்தையும் சேராத அளவு. நடக்காத நேரத்துல நடந்தது நடந்ததாகாது."

காம்பஸ் அக்கா குறுக்கிட்டாள். "சார், அந்த ஆளை ஒரு இதய டாக்டர்கிட்ட காட்டிடலாமே?"

தலைவர் அவளைக் கனிவோடு பார்த்தார். அவருக்குக் கோபமே வராது. வாரியத்தில் எல்லோரும் பயந்தது அதற்குத்தான்.

"இங்க பாருங்கம்மா. ஒரு தனி மனுஷனோட நெஞ்சைப் பார்த்துப் பதறுறது வைத்தியம். அதுக்கு ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கு. இது அறிவியல். இங்க தனி மனுஷனே கிடையாது. நமக்குக் கண் இருக்குன்னு சான்றிதழே வாங்கி மாட்டியாச்சு. அதுக்கப்புறமும் பார்த்துக்கிட்டே இருந்தா, கண்ணு மேல நமக்கே நம்பிக்கை இல்லன்னு ஆயிடாதா?"

வார்டு டாக்டர் தலையாட்டினார். தீர்மானம் எழுதப்பட்டது: பதினேழாம் எண்ணுக்கு மறுநாள் காலை அதே மாத்திரையை இன்னொரு முறை கொடுத்து, மூன்றாம் மணிக்குச் சரியாக அளந்து உறுதிப்படுத்துவது.

அவள் கணவர் பஸ் டிரைவர். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் பிசைந்ததையே பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னாள். விதியையும் சொன்னாள், சராசரியையும் சொன்னாள்.

"எனக்கு உங்க கணக்கெல்லாம் புரியாது," என்றார். "என் பஸ்ல நாப்பத்தெட்டுப் பேரு. நாப்பத்தேழு பேரு சீட்டுல. ஒருத்தன் மட்டும் படியில கை நழுவித் தொங்குறான். சராசரியா எல்லாரும் உள்ளதான் இருக்காங்கன்னு நான் ஆக்ஸிலேட்டரை மிதிச்சா, என்னை என்ன பண்ணுவாங்க?"

"உள்ள தள்ளுவாங்க."

"அப்புறம் என்ன? நாளைக்குப் போய் அந்த ஆள்கிட்ட சொல்லிடு."

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு, மூன்றாம் மாடி நடையில், மாத்திரைக்குக் காத்திருந்த பெயின்டரை அவள் பிடித்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் கையைப் பற்றினாள்.

"தம்பி, அந்த மாத்திரை உங்களுக்கு ஆகல. முழுங்காதீங்க. கேட்டா வயித்துவலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுங்க."

அவர் சிரிப்பு நின்றது. "என்னக்கா சொல்றீங்க? நெஞ்சுல ஏதாவதா?"

"ஆமா."

சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை. அவர் மணிக்கட்டுப் பட்டையைத் திருகிக்கொண்டார். பிறகு, "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்க்கா," என்று உள்ளே போனார். நல்ல மனிதர், அவளைக் காட்டிக்கொடுக்காமல்தான் கேட்டார் என்று பிறகு தெரிந்தது.

பத்து நிமிடத்தில் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"பயமுறுத்திட்டீங்களேக்கா! டாக்டர் கம்ப்யூட்டரையே திருப்பிக் காட்டிட்டாரு. எனக்கு ஏழுதானாம்!"

"அது உங்களோடது இல்ல தம்பி. அது எல்லாருக்கும் சேர்த்து..."

"எல்லாருக்கும்னா எனக்கும்தானே?"

அதற்கு அவள் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் அவரைப் பெயரில்லாமல் எண் சொல்லி அழைத்தாள். மாத்திரை உள்ளே போனதா என்று நாக்கைத் தூக்கிப் பார்த்து, டார்ச் அடித்துக் குறித்துக்கொண்டாள்.

மணி பதினொன்று ஐம்பத்துமூன்றுக்குப் பதினேழாம் எண் விழுந்தார். பக்கத்துப் படுக்கைக்காரரோடு சீட்டாடிக்கொண்டிருந்தவர், கையிலிருந்த சீட்டைக் கீழே வைக்காமலே சரிந்தார். மணி அடித்தார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாம் மாடிவரை காலடிச் சத்தம் கேட்டது. சரியாகப் பன்னிரண்டுக்கு, மூன்றாம் மணி அளவை எடுக்க இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் படுக்கை காலி என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

குழு அன்று மாலையே கூடியது. எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். சராசரி சார் கடிகாரத்தைப் பார்த்து, அறுபது நொடிக்கு முன்பின் போகாமல் முடித்துவைத்தார். பிறகு கேள்வி எழுந்தது: பதினேழுக்கு மூன்றாம் மணி அளவு இல்லையே, என்ன செய்வது?

"விடுபட்ட அளவுன்னு வெச்சுக்கலாம்," என்றார் சராசரி சார் மெல்ல. "விடுபட்ட இடத்தை மத்தவங்க சராசரியால நிரப்பணும்னு விதி இருக்கு சார்."

"மத்தவங்க சராசரி எவ்வளவு?"

"அஞ்சு."

"மேல் எல்லை?"

"ஏழுக்குள்ள வந்துடும் சார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுதாரா என்று காம்பஸ் அக்காவால் சொல்ல முடியவில்லை.

பதினோராம் நாள் பெயின்டரின் மனைவி வாரியத்துக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம். 'பதினேழாம் எண் கடைசி வருகைக்கு வரத் தவறினால் ஆய்வு முழுமை பெறாது' என்று அச்சடித்திருந்தது. வரவேற்பறைப் பெண் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பதினேழு வரலையா?"

"அவர் செத்துட்டாரு. இங்கதான் செத்தாரு."

"அது மேல் மாடிப் பிரிவும்மா. இது கடைசி வருகைப் பிரிவு. எங்களுக்கு அவர் இன்னும் பாக்கி."

சத்தம் கேட்டு இறங்கி வந்த காம்பஸ் அக்கா பெயின்டரின் மனைவியைக் கையைப் பிடித்து ஈசிஜி அறைக்குக் கூட்டிப்போனாள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண் அழவில்லை. "ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுடும்னா போட்டுடறேன்க்கா. நாலு நாளைக்கு ஒரு தடவை வர்ற இந்த லெட்டரைப் படிக்க முடியல. சின்னவ, அப்பாவை ஏன் கூப்பிடுறாங்கன்னு கேக்கிறா," என்றாள்.

அதைக் கேட்டதும் காம்பஸ் அக்கா எழுந்தாள். ஒயர்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கவ்வவிட்டு, காலிப் படுக்கையின் விரிப்பின் மேல் வைத்து, இயந்திரத்தை ஓடவிட்டாள். பத்து நொடிக்கு ஒரு நேர்கோடு வந்தது. குத்தும் இல்லை, மேடும் இல்லை. அதன் மேல் 'எண் 17, கடைசி வருகை' என்று எழுதினாள். குறிப்புக் கட்டத்தில், 'இவரை நாம் கொன்றுவிட்டோம்' என்று எழுதித் தன் நிஜப் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பினாள். இதை ஒருவராவது படித்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தாள்.

குறிப்புக் கட்டத்தைக் கணினி படிப்பதில்லை. இடைவெளி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. நிரப்பிய அளவைவிட அளந்த அளவே மேல் என்று ஒரு விதி இருந்ததால், பழைய ஐந்தை அழித்துவிட்டு இதைப் போட்டது. மாத்திரைக்கு முன் அவருடைய இடைவெளி முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு, இப்போது பூஜ்யம். நாற்பத்தெட்டுப் பேரின் சராசரியும் பூஜ்யத்துக்குக் கீழே போய், மைனஸ் மூன்றில் நின்றது.

இறுதிக் கூட்டத்துக்கு ஊழியர் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். தலைவர் நெகிழ்ந்துபோயிருந்தார்.

"முப்பது வருஷ அனுபவத்துல இப்படி ஒரு முடிவை நான் பார்த்ததில்ல. இந்த மாத்திரை இதயத்தைக் கெடுக்கலங்கிறது மட்டுமில்ல, இதயத்தைப் பாதுகாக்குது! குறிப்பா பதினேழாம் எண். இந்த ஆய்விலேயே மிகவும் பாதுகாப்பான இதயம் அவரோடது. அரிப்புக்கு மட்டும்னு இதை அனுமதிச்சா மக்களுக்கு நாம துரோகம் பண்றவங்க ஆயிடுவோம்."

"சார்," என்றார் சராசரி சார், எழுந்திருக்காமலே. "மேல் எல்லை மட்டும் பதினொண்ணுக்குப் பக்கம் வருது."

"சராசரி மைனசுக்குப் போன பிறகு மேல் எல்லையை யாருய்யா கேக்கப் போறா?"

காம்பஸ் அக்கா எழுந்தாள். "அது காலிப் படுக்கை சார். அவர் செத்துட்டாரு. நான்தான் அளந்தேன்."

தலைவர் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார்.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. அளவுல பிழை இருக்கா? பூஜ்யத்தைப் பூஜ்யம்னுதானே அளந்திருக்கீங்க?"

"ஆமா சார், ஆனா..."

"பாருங்க! முன்னே தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்திமூணுன்னு தடுமாறினவங்க. இப்போ எவ்வளவு துல்லியம்!" அவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். திங்கட்கிழமை அவளைப் பழைய காகிதக் கிடங்குக்கு மாற்றினார்கள். மாத்திரை அடுத்த மாதம் கடைக்கு வந்தது. டப்பாவின் மேல் சிவப்பில் ஒரு சின்ன இதயம் போட்டிருந்தார்கள்.

கிடங்குக்கு மாற்றியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை: பழைய காகிதம் எல்லாம் அங்கேதான் இருந்தது. தொண்ணூற்றிரண்டின் காகிதத்தை அவள் இரண்டாம் நாளே கண்டெடுத்தாள். அதைப் பெயின்டரின் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவருமாக உட்கார்ந்து புகார் எழுதி, வாரியத்துக்கு மேலே இருந்த அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மேலே இருந்த அலுவலகம் அதை விசாரிக்கும்படி வாரியத்துக்கே அனுப்பியது. ஆறு வாரத்தில் பதில் வந்தது. காம்பஸ் அக்கா போனபோது பெயின்டரின் மனைவி அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

'தங்கள் புகார் முறைப்படி ஆராயப்பட்டது. பங்கேற்ற நாற்பத்தெட்டு எண்களில் ஓர் எண் சார்பாக மட்டுமே புகார் வந்துள்ளது. ஆளுக்குச் சராசரி 0.02 புகார். இது பத்துக்குக் கீழே உள்ளதால் மேல்நடவடிக்கை தேவையில்லை.'

காம்பஸ் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளறையில் சின்னவள் பாடம் படிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"மத்த நாப்பத்தேழு பேரும் எங்க இருக்காங்கக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"தெரியாதும்மா. எங்களுக்கு நம்பர்தான் தெரியும்."

அந்தப் பெண் எழுந்து போய், பெயின்ட் கறை படிந்த ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்தாள். வார்டில் படுத்திருந்த நாட்களிலும் அவள் கணவர் தொழிலை விடவில்லை. கூட இருந்தவர்களிடம் பேசி, யார் வீட்டுக்கு எத்தனை அறை, என்ன நிறம் என்று முகவரியோடு எழுதி வைத்திருந்தார். ஐந்து முகவரிகள்.

மறுநாள் இருவரும் கிளம்பினார்கள். முதல் முகவரி ஒரு தபால்காரருடையது: இரண்டு அறை, இளம் மஞ்சள். கதவைத் திறந்தவர் அவர்தான். வந்த விஷயத்தை அந்தப் பெண் சொல்லி முடிக்கும்முன்பே கதவை விரியத் திறந்தார்.

"உள்ள வாங்க. அவர் விழுந்தப்ப எதிர்ல உக்காந்து சீட்டாடினது நான்தான்மா." நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். "முந்தின வாரம் எனக்கும் ரெண்டு தடவை கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. சொன்னேன். டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, உங்களுக்கு ஏழுதான்னாரு. ஏழாச்சேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

அந்தப் பெண் பையிலிருந்து வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தபால்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை நேராக்கினார்.

"இது எத்தனாவது புகார்மா? மேல நம்பர் போடணுமா?"

"போடுங்கண்ணே," என்றாள் அவள். "ரெண்டுன்னு போடுங்க."